நித்திரையின்மையும் அதன் பரிகாரமும்

சிவமயம்

சைவ உபாத்தியாயர்களாகிய மெய்யன்பர்களே,

இவ்வுலகத்திலே ஆன்மாக்கள் அநுபவிக்குஞ் சுகங்களுள், செல்வருக்கும் வறியருக்கும், கற்றோருக்குங் கல்லாதோருக்கும் பொதுவாய் வைக்கப்பட்டது நித்திரையாம். அதனை விலைகொடுத்து வாங்கல் வேண்டுவதில்லை. பிறரிடத்து இரந்து பெறுதலுங் கூடாது. அது தவறாது வருங்காலத்தில் அதன் அருமையை நினைப்பவர் இலர். இழந்தவரே அறிவர். ஊரெல்லாம் உறங்க, நாய்களுங் குரைத்தோய, தாம் மாத்திரங் கண்விழித்துப் பாயிற் புரண்டு, முதற்கோழி கூவக் கேட்டு, இன்றைக்கும் விடிந்துவிட்டதே என்று ஏங்குவோர் நம்மவருள்ளும் இருக்கின்றனர். வளர்ந்தோருள் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் நாட்பட்ட நித்திரையின்மையால் வருந்துகின்றனரென வைத்தியர் கணித்திருக்கின்றனர். இந்நோயை உடையவர் அதனை வெளியிடுவது அரிது. காய்ச்சலைச் சொல்லுவார், கால்நோவைச் சொல்லுவார், நித்திரை வரவில்லையென்று சொல்ல நாணுவார்.

இதனைப்பற்றிச் சமயப் பத்திரிகையிலே பேசுவதென்னை, இது வைத்தியர்க்குரிய விஷயமன்றோ எனின், கூறுதும். தச்சனுக்கு நித்திரை குறைந்தாற் பலகை பழுதாகும். மறுநாள் வேறு பலகை எடுக்கலாம். உபாத்தியாயருக்கு நித்திரை குறைந்தாற் பழுதாவது பிள்ளையின் உள்ளம். நித்திரை கெட்டவிடத்து, மூளையிலே அச்சத்தையுங் கோபத்தையும் எழுப்பும் பாகம் மிகையாகத் தூண்டப்படுமென்றும், அதனை அடக்கியாளும் முன்மூளையின் ஆட்சி தளருமென்றும் இக்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். முதனாட் பொறுத்த அதே பிழையை மறுநாட் பொறாது, கடுஞ்சொல்லையும் பிரம்பையும் எடுக்கும் உபாத்தியாயர், அப்பிள்ளை கெட்டதென்று எண்ணுகின்றார். கெட்டது முதனாள் இரவென்பதை அவர் அறியார். சிறியோர் கண்ணீருக்கு நாம் உத்தரவாதிகள். ஆதலால் இது தருமவிஷயமேயாம்.

நித்திரையாவது யாது?

சைவசித்தாந்த சாத்திரங்கள் ஆன்மாவுக்குச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து அவத்தைகள் கூறும். சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்திலே இவை எடுத்தோதப்படுகின்றன. நனவாகிய சாக்கிரத்திலே ஆன்மா புருவநடுவில் நின்று 35 கருவிகளோடு தொழில்செய்யும். ஞானேந்திரியம் ஐந்துங் கன்மேந்திரியம் ஐந்தும் அங்கே ஒழிய, எஞ்சிய 25 கருவிகளோடு கண்டத்திலே நிற்பது கனவாகிய சொப்பனம். பிராணன், சித்தம், புருடன் என்னும் மூன்றோடு இருதயத்திலே நிற்பது சுழுத்தி. பின்னிரண்டும் முறையே நாபியிலும் மூலாதாரத்திலும் நிகழும். இதிலே நாங் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. கருவிகள் ஒருங்கே ஒழிவதில்லை. படிப்படியாகவே ஒடுங்குகின்றன. நனவிலிருந்து சுழுத்திக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்வார் ஒருவருமிலர்.

மேனாட்டார் வேறு வழியாக ஆராய்ந்தனர். ஜேர்மனி தேசத்து ஹான்ஸ் பேர்கர் என்னும் வைத்தியர் மனித மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1953-ஆம் ஆண்டிலே சிக்காக்கோ நகரத்து அசரின்ஸ்கி, கிளைற்மன் என்னும் இருவர், நித்திரையின் நடுவே மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையுங் காலமொன்று உண்டென்றும், அக்காலத்து எழுப்பப்பட்டவர் கனவு கூறுகின்றனரென்றும் வெளியிட்டனர். இலேசான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவுறக்கம் என்பவை ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒருமுறை சுழன்று, ஓரிரவில் நான்கு அல்லது ஐந்து சுற்றாக நிகழுமென்பது இப்பொழுது துணிபு. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே சற்று விழிப்பதும் இயற்கையே. நமது சாத்திரங் கூறும் அவத்தையும் இவர் கூறும் படிகளும் ஒன்றேயென்று சாதித்தல் எமது கருத்தன்று. அது ஆன்மாவைப்பற்றியது, இது மூளையைப்பற்றியது. ஆயினும் நித்திரை ஓர் ஒழுங்குடையதென்பதிலும், அவ்வொழுங்கை நமது விருப்பத்தால் விரைவுபடுத்தல் இயலாதென்பதிலும் இரண்டும் உடன்படுகின்றன.

இனி, இறைவனது ஐந்தொழிலுட் சங்காரம் என்பதை நினையுங்கள். அழித்தலென்று மாத்திரம் அதனைக் கொண்டு அஞ்சுவாருமுளர். சித்தாந்த ஆசிரியர்கள் அங்ஙனங் கொண்டாரல்லர். பிறந்திறந்து உழன்ற ஆன்மாக்களின் இளைப்பை ஒழித்தற்பொருட்டு இறைவன் தநுகரணங்களை ஒடுக்குதலே சங்காரமென்று அவர் விளக்கினர். நித்திரை நாடோறும் நிகழும் ஒரு சிறு சங்காரம் போல்வது. பகலெல்லாம் உழைத்த கருவிகளை ஒடுக்கி ஆன்மாவை இளைப்பாற்றுதல் அருட்செயலேயாம். திருவள்ளுவரும் இறப்பை உறக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் உவமித்தார். ஆகவே நித்திரையை வீண்காலமென்று இகழ்தலுங் குற்றம்; அதனை நமது முயற்சியால் இழுத்துப் பிடிக்கலாமென்று எண்ணுதலும் பேதைமை.

நித்திரை வருமாறு

நித்திரையை இரண்டு சத்திகள் நடத்துகின்றன. 1982-ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்து தேசத்துப் போர்பேலி என்னும் ஆராய்ச்சியாளர் இதனை ஒழுங்குபடுத்திக் கூறினர். ஒன்று நித்திரைப்பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் இப்பசி வளர்கின்றது. அடினோசின் என்னும் பொருள் மூளையிலே பெருகுதல் இதற்கு ஓர் ஏது. மற்றொன்று உடலினுள்ளே இருக்கும் மணிக்கூடு. கண்ணரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே மூளையினுள் இருக்கும் ஒரு சிறு அணுத்தொகுதி இதனை நடத்துகின்றது. காலை வெளிச்சமே இம்மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பது. இருள் கூடியபின் மெலற்றொனின் என்னுஞ் சுரப்பு எழுந்து இரவு வந்ததென்று உடலுக்கு அறிவிக்கின்றது. அணுக்களினுள்ளே இம்மணிக்கூடு இயங்கும் விதத்தை வெளியிட்டமைக்காக ஹோல், ரொஸ்பாஷ், யங் என்னும் மூவர் 2017-ஆம் ஆண்டிலே நோபல் பரிசு பெற்றனர். பசியும் மணிக்கூடும் ஒருங்கு கூடும் வேளையிலே நித்திரை தானே வருகின்றது.

இதற்கு நம்மிடத்தே நல்லுதாரணம் உண்டு. மகாசிவராத்திரியிலே நான்கு யாமமும் விழித்து விரதங் காத்து, மறுநாட் பகலிலும் உறங்காதிருந்தவர், அன்றிரவு தலைசாய்த்தவுடனே அயர்ந்து உறங்குகின்றனர். தலையணையைக் குறைகூறுவாரில்லை, நுளம்பைக் குறைகூறுவாரில்லை. முந்திய இராவும் பகலும் விழித்திருந்து வளர்த்த பசியே அவரை உறங்கச்செய்தது. பகலுறக்கத்தை அந்நாளிலே விலக்கிய விதிக்குச் சமயக் கருத்து வேறாயினும், உடலுக்கும் அது நன்றாயிற்று. இவ்வுதாரணத்தை மறவாதிருங்கள்; பரிகாரங் கூறும்பொழுது மறுபடியும் வேண்டப்படும்.

நோயென்பது எது?

தாமே விரும்பி விழித்தல் நோயன்று. சிவராத்திரி விழிப்பும், திருவிழா விழிப்பும், பிணியாளருக்குத் துணையிருக்கும் விழிப்பும் புண்ணியங்கள். ஆறு மணிநேரம் உறங்கிப் பகலிலே தெளிவாயிருப்பவரும் நோயாளரல்லர். வயது முதிர நித்திரை இலேசாவதும், இடையில் விழிப்புண்டாவதும் இயல்பே. வளர்ந்தோர்க்கு ஏழு மணிநேரத்துக்குக் குறையாத நித்திரை வேண்டுமென்பது பொதுவிதி. உறங்குதற்கு இடமும் காலமும் இருந்தும், படுத்தபின் நித்திரை பிடியாமை, இடையில் விழித்து மீள உறங்கமாட்டாமை, உரிய வேளைக்கு மிகமுன்னே விழித்தல் என்பவற்றுள் யாதேனும் வாரத்தில் மூன்றிரவுக்குக் குறையாமல் மூன்று மாசம் நீடித்து, பகற்றொழிலையுங் கெடுக்குமாயின், அதனையே நாட்பட்ட நித்திரையின்மையென வைத்தியர் கூறுவர்.

காரணங்கள்

ஸ்பீல்மன் என்னும் அமெரிக்க ஆசிரியர் காரணங்களை மூன்று வகுப்பாக்கினர். பிறவியிலே அமைந்த தன்மை ஒன்று. தொடங்கிவைத்த நிகழ்ச்சி ஒன்று. நீட்டித்து வளர்க்கும் பழக்கம் ஒன்று. விதை, மழை, எரு என்று நாம் இவற்றை நினைவிற் கொள்ளலாம்.

தொடங்கிவைக்கும் நிகழ்ச்சிகள் பல. வறுமை நித்திரையைத் துரத்துமென்பதை வள்ளுவர் நல்குரவு என்னும் அதிகாரத்திலே நெருப்போடு ஒப்பிட்டுக் காட்டினர். மாசக் கடைசியிலே கடனை எண்ணிக்கிடக்கும் உபாத்தியாயருக்கு அதன் உரை வேண்டுவதில்லை. பாவமுந் துரத்தும். யாம் இளமையிலே மிஷன் பாடசாலையிற் கற்ற ஷேக்ஸ்பியர் நாடகத்திலே, உறங்கிக்கிடந்த அரசனைக் கொன்ற மக்பெத் தன்னுறக்கத்தையும் அக்கணமே இழந்தான். அவன் மனைவியோ உறக்கத்திலே எழுந்து நடந்து கைகழுவுவாளாயினள். அரசரும் இதற்கு விலக்கல்லர். அதே பாடசாலையில் வாசித்த யூதர் ஆகமத்திலே, அகாஸ்வேரு என்னும் பேரரசன் ஓரிரவு நித்திரை வராது தன் இராச்சியத்து நடபடிப் புத்தகத்தை வாசிப்பித்தான் என்று ஒரு கதையுண்டு. பொன்னாலாகிய கட்டிலும் உறக்கத்தைத் தருவதில்லையென்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டா.

நம்முடைய தேசத்திலே, இவற்றினுங் கொடிய காரணங்களும் நேர்ந்தன. 2004-ஆம் ஆண்டு டிசெம்பர் மாசம் 26-ஆந் தேதி கடல் எழுந்து கரையூர்களை வாரிக்கொண்டது. 2009-ஆம் ஆண்டு மே மாசத்தில் முடிவெய்திய யுத்தம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இராக்காலங்களை அச்சத்தின் காலமாக்கியது. எறிகணையோசைக்குச் செவிகொடுத்துக் குழந்தைகளோடு பதுங்குகுழியிலே விடிவை எதிர்பார்த்தவருக்கு, விழித்திருத்தலே உயிர்காத்தது. அக்காலங் கழிந்தபின்னும், கதவொன்று அடித்தால் உடல் துணுக்குறுகின்றது. காவற்காரன் காவலை விட்டிறங்க மறுக்கின்றான். இங்ஙனம் வருந்துவோரைக் கோழைகளென்றும் விசுவாசமில்லாதவரென்றும் ஒருவரும் கூறற்க. பிள்ளையை இழந்த தாய் இரவிலே விழித்திருப்பாளாயின், அவளுக்குப் போதனை செய்யப் புகாதீர்கள், அருகிலிருங்கள். இத்தகைய நோய்க்குப் பயின்ற வைத்தியரும் ஆற்றுப்படுத்துவோரும் உளர். அவரிடத்துக் கூட்டிச்செல்லுதலே சிவபுண்ணியம்.

சரீரத்திலுள்ள காரணங்களையும் விடலாகாது. உரத்த குறட்டையும், இடையிடையே மூச்சு நின்று திணறுதலும், பகலிலே அடங்காத உறக்கமும் உடையவருக்கு மூச்சடைப்பு நோய் இருக்கலாம். இராக்காலத்திலே கால்களை அசைத்தாலன்றி இருக்கமுடியாத குறை இரும்புச்சத்துக் குறைவாலும் வரும். மனச்சோர்வு நோயும், தீராத நோவும், சில மருந்துகளும் நித்திரையைக் கெடுக்கும். இவையெல்லாம் வைத்தியராலே ஆராயப்படற்பாலன.

நோய் தன்னைத்தானே வளர்க்குமாறு

தொடங்கிய காரணம் நீங்கியபின்னும் நோய் நீங்காதிருத்தல் ஏன்? இவ்விடத்தே ஊன்றிக் கவனியுங்கள்; நம்மவருட் பலர் சிக்குவது இதிலேதான்.

ஓர் உபாத்தியாயரைக் கருதுவோம். அவர் மகளின் கலியாணம் பற்றிய கவலையால் ஒரு வாரம் உறக்கமிழந்தார். கலியாணம் நன்றாக நிறைவேறியது. ஆயினும் அவர், போன நித்திரையைப் பிடித்தற்கு எட்டரை மணிக்கே பாயை விரிக்கின்றார். பகலிலே பள்ளிக்கூடம் விட்டுவந்து இரண்டு மணிநேரம் உறங்குகின்றார். சோர்வு நீங்க மாலை ஐந்து மணிக்கு ஒரு கோப்பி குடிக்கின்றார். அக்கோப்பியின் சத்திலே ஏறக்குறைய அரைப்பங்கு பத்து மணிக்கும் அவருடைய இரத்தத்தில் நிற்கின்றது. அடினோசின் சென்று பற்றவேண்டிய இடங்களை அது அடைத்துக்கொள்ளுகின்றது. பசியை முன்னரே பகலுறக்கத்தாற் போக்கிவிட்டார். எஞ்சிய பசியைக் கோப்பியால் மறைத்துவிட்டார். பின்பு பாயிற் கிடந்து, உறங்கவேண்டும், உறங்கவேண்டும் என்று முயல்கின்றார். மணிக்கூட்டைப் பார்க்கின்றார், இன்னும் நான்கு மணிநேரம், மூன்றரை மணிநேரம் என்று கணக்கிடுகின்றார். கணக்கு வாத்தியார் அவர், கணக்குப் பிழைப்பதில்லை, உறக்கந்தான் வருவதில்லை. நாட்செல்ல, பாயென்றாலே மனம் விழிக்கின்றது. சாய்மனைக் கதிரையிலே பத்திரிகையோடு உறங்கி விழுபவர், படுக்கையிலே தலை வைத்தவுடனே தெளிகின்றார். இங்கே நோயை வளர்த்தது உறங்கவேண்டுமென்னும் முயற்சியேயாம்.

முயற்சியாற் பெறப்படாதவை உலகத்திற் சில உண்டு. மறக்க முயல்வார்க்கு மறதி வராது. உறங்க முயல்வார்க்கு உறக்கம் வராது. திருவருளும் அத்தன்மைத்தே. சரியை கிரியைகளைச் செய்தல் நம்முடைய கடன். சத்திநிபாதம் நம்முடைய ஏவலால் நிகழ்வதன்று. வயலை உழுது வரம்பு கட்டுதல் கமக்காரன் தொழில். மழை அவன் தொழிலன்று. வரம்பு கட்டாதவன் வயலிலே மழை நில்லாதென்பதும் உண்மை. ஆதலால் நித்திரைக்கு வரம்பு கட்டுமாறு கூறுதும்.

பரிகாரங்கள்

முதலாவது, எழும் வேளையை நிலைப்படுத்துக. சூரியோதயத்துக்கு ஐந்து நாழிகைக்கு முன் எழுகவென்பது நமது ஆசார விதி. அஃது இரண்டு மணிநேரம். இதனை அநுட்டிப்பவர் முன்னிரவிலேயே படுத்தல் வேண்டும். பின்னிரவுவரை விழித்திருந்து இவ்விதியையுங் காப்பேனென்பது உடலுக்குச் செய்யும் அநியாயம். எவ்வேளையைக் குறித்தாலும், இரவு நன்றாய்க் கழிந்ததோ கெட்டதோ என்று பாராது, விடுமுறை நாளிலும் அதே வேளைக்கு எழுக. எழுந்து நீராடி, அநுட்டானம் முடித்து, இளவெயிலிலே சற்று நடந்து கோயில் தரிசனஞ் செய்க. காலையொளி கண்ணிற் படுதல் உள்மணிக்கூட்டைத் திருத்தும்.

இரண்டாவது, உறக்கம் வந்தபின்னன்றிப் படுக்கைக்குச் செல்லற்க. சோர்வு வேறு, உறக்கம் வேறு. சோர்ந்தவர் இருந்து இளைப்பாறலாம். கண் அமிழ்பவரே படுக்கவேண்டும்.

மூன்றாவது, படுத்து ஏறக்குறைய இருபது நிமிஷமாகியும் உறக்கம் வாராதாயின், எழுந்து வேறிடத்துக்குச் செல்க. மங்கிய வெளிச்சத்திலே அமைதியான ஒன்றைச் செய்க. உறக்கம் வந்தபின் திரும்புக. இருபது நிமிஷத்தை மணிக்கூட்டாற் பாராது மனத்தாலே மதிக்க. ஓரிரவில் எத்தனை முறையாயினும் இங்ஙனமே செய்க. படுக்கை உறங்குதற்கே உரியது. கொப்பி திருத்துதற்கும் கணக்குப் பார்த்தற்கும் உரியதன்று. பூட்சின் என்பவர் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்முறை, இன்றுவரை நித்திரை வைத்தியத்தின் தூணாயிருக்கின்றது.

நான்காவது, படுக்கையிற் கழிக்குங் காலத்தைச் சுருக்குக. இங்கேதான் சிவராத்திரி உதாரணம் பயன்படுகின்றது. ஒன்பது மணிநேரம் பாயிற் கிடந்து ஆறு மணிநேரம் உறங்குபவர், சில வாரம் ஆறு அல்லது ஆறரை மணிநேரமே பாயிற் கிடப்பாராயின், பசி வளர்ந்து உறக்கம் திரளும். திரண்டபின் கால்மணி, கால்மணியாகக் காலத்தைக் கூட்டலாம். ஐந்து மணிநேரத்துக்குக் கீழே ஒருபொழுதுங் குறைக்கலாகாது. காக்கை வலிப்புடையவரும், உன்மத்த நோயுடையவரும், வாகனம் ஓட்டுந் தொழிலினரும் வைத்தியரைக் கேளாது இதனைச் செய்யற்க.

ஐந்தாவது, பகலுறக்கத்தை விடுக. விடமாட்டாதவர் பிற்பகல் மூன்று மணிக்கு முன் அரைமணிக்கு மேற்படாது உறங்குக. கோப்பியையும் சாயம் மிக்க தேத்தண்ணீரையும் மத்தியானத்தோடு நிறுத்துக. புகையிலையும் விழிப்பையே தரும். மதுபானம் முன்னிரவிலே மயக்கிப் பின்னிரவிலே உறக்கத்தைத் துண்டாக்கும். சைவர்க்கு அது எவ்வாற்றானும் விலக்கு.

ஆறாவது, கைத்தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்க. அதன் வெளிச்சம் மெலற்றொனினைத் தடுக்கும். வெளிச்சத்தினும் கொடியது அதிலுள்ள விஷயம். உலகத்தின் சண்டையையெல்லாம் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு சாந்தியை நாடுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஏழாவது, கவலைக்கு வேளை குறிக்க. நமது ஆலயங்களின் இராக்கால ஒழுங்கை நினையுங்கள். அர்த்தயாம பூசை முடிந்தபின் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளுகின்றார். பின்பு கதவுகளைப் பூட்டித் திறவுகோலை வைரவர் சந்நிதியிலே வைத்து வணங்கிச் செல்லுதல் வழக்கம். இறைவனுக்கு உறக்கமில்லை, இது நமக்குக் கற்பித்தற்பொருட்டே நிகழ்வது. அர்ச்சகர் திறவுகோலை வைத்தபின் இரவு முழுதும் கோயிலைக் காத்து நிற்பதில்லை. நாமும் மாலையிலே, படுக்கும் வேளைக்கு நெடுநேரத்துக்கு முன், கால்மணிநேரம் இருந்து, நாளைக்குரிய காரியங்களையும் கவலைகளையும் ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் செய்யத்தக்க அடுத்த செயலையும் எழுதி மூடிவிடல் வேண்டும். இரவிலே அக்கவலை எழுமாயின், திறவுகோல் வைரவரிடத்தே இருக்கின்றதென்று நினைக்க.

எட்டாவது, ஓரிரவு கெட்டதனால் உலகங் கெட்டதென்று எண்ணற்க. முழுதும் உறங்கவில்லையென்று கூறுவோருள் அநேகர் தாம் அறியாது இடையிடையே உறங்கியிருப்பர். உடலும் இழந்ததை ஆழ்ந்த உறக்கத்தால் ஓரளவு ஈடுசெய்துகொள்ளும்.

இவற்றை ஒருங்குசேர்த்து, மனத்தின் தப்பெண்ணங்களையும் திருத்துகின்ற முறையையே, நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதலிற் கொடுக்கத்தக்க சிகிச்சையென அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016-ஆம் ஆண்டில் அறிவித்தது. பலன் ஓரிரவில் வராது. முதல் இரண்டொரு வாரம் சோர்வு கூடவுங் கூடும். நான்கு முதல் எட்டு வாரம் பொறுத்து அநுட்டித்தல் வேண்டும். மாணாக்கனுக்குப் பொறுமையைப் போதிக்கின்ற நமக்கு இது அரிதாகாது.

ஔஷதங்கள்

நித்திரை மருந்துகளை முற்றாக இகழ்தல் எமது நோக்கமன்று. பெருந்துயர் நேர்ந்தவிடத்து, வைத்தியர் சிலநாளைக்குக் கொடுக்கும் மருந்து நன்மையே செய்யும். ஆயின் 1960-ஆம் ஆண்டு முதலாகப் பரவிய பென்சோடயசெபீன் வகை மருந்துகள் நாட்பட வழங்கினாற் பழகிப்போய், அளவு கூட்டவும், விடமுடியாதிருக்கவும் செய்யும். முதியோர் இராக்காலத்தில் எழுந்து விழுதற்கும் ஏதுவாம். அயல்வீட்டார் கொடுத்த குளிசையை விழுங்கற்க. நெடுங்காலம் வழங்குபவர் சடுதியாக நிறுத்துதலும் அபாயம். வைத்தியர் சொல்லியபடி சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். உயிரை வெறுக்கும் எண்ணம் இரவிலே எழுமாயின், விடியும்வரை பொறுத்திராது, வீட்டாரை எழுப்பிச் சொல்லி, வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அதில் நாணம் ஒன்றுமில்லை.

மாணாக்கர் நித்திரை

வகுப்பிலே உறங்கிவிழும் பிள்ளையை நிறுத்தித் தண்டிப்பது நம்மிடத்தே நெடுங்கால வழக்கம். ஆறு வயது முதற் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைக்கு 9 முதல் 12 மணிநேரமும், பதின்மூன்று முதற் பதினெட்டு வயதுவரையுள்ளோர்க்கு 8 முதல் 10 மணிநேரமும் உறக்கம் வேண்டும். குமாரப்பருவத்திலே உள்மணிக்கூடு இயல்பாகவே பிந்தி ஓடும். பத்து மணிக்கு உறக்கம் வராமை அவர் பிடிவாதத்தால் அன்று. மாலையெல்லாம் ரியூசன் வகுப்பு, இரவெல்லாம் பரீட்சைப் படிப்பு, விடியற்காலையிலே மறுபடியும் வகுப்பு எனின், அப்பிள்ளை எப்பொழுது உறங்கும்? பகலிலே கற்றது மனத்திலே ஊன்றுவது நித்திரையிலேயாம். நித்திரையைக் குறைத்துப் பாடத்தைக் கூட்டுதல், தண்ணீர் ஊற்றாது பின்னும் பின்னும் விதைப்பதையொக்கும். ஆகவே உறங்கும் பிள்ளையைக் கண்டால், முதலில் அதனை அழைத்து, இரவு எங்கே படுத்தாய், எப்பொழுது படுத்தாய், வீட்டிலே என்ன நிகழ்ந்தது, உண்டாயா என்று அன்போடு வினாவுங்கள். பல வீடுகளின் துக்கம் இவ்வினாக்களால் வெளிவரும். பிரம்பினால் வெளிவராது.

செபமும் நித்திரையும்

நாடோறுஞ் சிவபூசை செய்வார்க்கும் நித்திரை வராதொழிவது ஏன் எனச் சிலர் வினாவுவர். பூசை செய்வார்க்குக் காய்ச்சல் வருவதில்லையா? உடலெடுத்தார்க்குப் பிராரத்தம் உண்டு. அதனை நுகருங்கால் ஔஷதத்தையும் ஒழுக்கத்தையுங் கொண்டு நுகர்தல் விலக்கப்பட்டதன்று. நித்திரையின்மை பக்தியின்மைக்கு அடையாளமென்று கூறி, வருந்துவாரைப் பின்னும் வருத்துதல் சைவநெறியாகாது.

படுக்கும்பொழுது திருநீறு தரித்து, சிவபெருமானைத் தியானித்து, தெற்கேனுங் கிழக்கேனுந் தலைவைத்து உறங்குதல் நமது ஆசாரம். அவ்வேளை திருவைந்தெழுத்தை மனத்துள்ளே மெல்லச் செபித்தல் மிக நன்று. ஆயின் உறக்கத்தை வருவிக்குந் தந்திரமாக அதனைக் கொள்ளற்க. நூறு உரு முடிந்ததே, இன்னும் உறக்கம் வரவில்லையே என்று எண்ணுவாராயின், செபமும் கணக்காயிற்று, உறக்கமும் போயிற்று. உறக்கம் வரினும் நன்று, வாராதாயினும் நன்று, இப்பொழுது யான் திருவடிக்கீழ் இருக்கின்றேன் என்னும் நினைவோடு செபிக்க. விரும்புவதும் வெறுப்பதுமாகிய இரண்டும் ஒத்து நிற்கும் அம்மனத்திலே, பகலிலே நம்மை நடத்துகின்ற நான் என்னுஞ் செருக்குத் தளர்கின்றது. நித்திரையும் அது தளர்ந்தவிடத்தே வருவது. வாராத இரவும் அந்நினைவினாலே வீணாகாது. வருந்திக் கிடக்கும் இரவு, வணங்கிக் கிடக்கும் இரவாகும்.

அன்பர்களே, அர்த்தயாமத்திலே திருக்காப்பிடும் கோயிலுக்கு வைகறையிலே திருப்பள்ளியெழுச்சி உண்டு. இன்றிரவு உங்களுடைய கொப்பிகளை மூடி, விளக்கைத் தணித்து, நாளைக்குரியதை நாளைக்கு வைத்து, இறைவனிடத்து ஒப்புவித்துப் படுங்கள். உங்களுள் எவரேனும் மூன்று மாசத்துக்கு மேலாக இந்நோயால் வருந்துவீராயின், வருகின்ற விடுமுறையை எதிர்பாராது, இவ்வாரத்திலேயே ஒரு வைத்தியரைக் காணுங்கள். உடனுபாத்தியாயர் ஒருவருக்கேனும் சொல்லுங்கள். வருந்தாதவராயின், உங்கள் ஆசிரியர் அறையிலே கண்சிவந்து கோபித்திருக்கும் நண்பரை, இரவு எப்படிக் கழிந்தது என்று ஒருமுறை கேளுங்கள். நாளைக் காலையிலே உங்கள் முன் வந்திருக்கும் பிள்ளைகள், இளைப்பாறிய முகத்தைக் காணும் பாக்கியத்தைப் பெறுவார்களாக.

திருச்சிற்றம்பலம்.